கைப்பிடிக் கணக்கு வேண்டாம்

பிராய்லர் (கறிக்கோழி) தீவனத்தில் மூலிகை சேர்ப்பது பற்றிய ஒரு கட்டுரை, "ஒரு கைப்பிடி மஞ்சள்தூள்" போடச் சொல்கிறது. அளவில்லாமல் சொன்னால் பண்ணையாளருக்குத்தான் நஷ்டம். 100 கிலோ தீவனத்துக்கு 500 கிராம் போதும். அதை நேரே கொட்டாமல், முதலில் 5 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் தூள் ஓரிடத்தில் தங்கிவிடும். ஒரு குஞ்சுக்கு அதிகம், இன்னொன்றுக்கு ஒன்றுமே இருக்காது. விரலி மஞ்சள் வாங்கி அரைப்பதே நல்லது. கடைத்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற நச்சு மஞ்சள் சாயம் கலப்பவர்கள் உண்டு. ஈரம் பட்ட மஞ்சள் பூஞ்சை பிடித்து, அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சினால் ஈரலைக் கெடுக்கும், மருந்தே நஞ்சாகிவிடும்.

முருங்கை இலைத்தூளை 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நார்ச்சத்து கூடி எடை குறையும்.

பல்லடம் பக்கம் ஒப்பந்தப் பண்ணைகளில் தீவனம் கம்பெனியிலிருந்தே வருகிறது. அங்கே பண்ணையாளர் எதையாவது சேர்க்க முடிவது குடிதண்ணீரில்தான். ஆனால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான லசோட்டா தடுப்பூசியைக் குடிநீரில் கொடுப்பதற்கு முந்தின நாள், அன்று, மறுநாள் மூன்று நாளும் வினிகர், குளோரின் எதுவும் கூடாது. தடுப்பூசியில் உள்ள உயிருள்ள வைரஸ் செத்துப்போகும்.

கோழியின் தோல் மஞ்சளாவது மஞ்சள்தூளால் அல்ல, மக்காச்சோளத்தில் உள்ள சாந்தோபில் என்ற மஞ்சள் நிறமியால். கோழிக்கு ரத்தக் கழிச்சல் கண்டபின் மூலிகையை நம்பிக் காத்திருக்காதீர்கள், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.