சகாகவியா முழுப் பாதைக்கும் வழிகாட்டினாரா?

அமெரிக்க அரசு மேற்குப் பகுதியை ஆராய அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழுவைச் செயின்ட் லூயிஸிலிருந்து பசிபிக் கடல் வரை வழிநடத்தியவர், ஷோஷோனி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண் சகாகவியா என்றொரு பதிவு பரவுகிறது. இது உண்மையல்ல.

குழு புறப்பட்டது 1804 மே மாதம். சகாகவியா சேர்ந்தது அந்தக் குளிர்காலத்தில், குழு தங்கியிருந்த மாண்டன் கோட்டையில். பிட்டர்ரூட் மலைகளைக் கடக்க வழிகாட்டியவர் 'டோபி' என்று குழுவினர் அழைத்த ஷோஷோனி முதியவர். சகாகவியாவின் முதன்மைப் பணி மொழிபெயர்ப்பு. அவர் ஷோஷோனி மொழியிலிருந்து ஹிடாட்சா என்ற இன்னொரு பழங்குடியின் மொழியில் சொல்ல, கணவர் ஷார்போனோ பிரெஞ்சில் சொல்ல, இன்னொருவர் ஆங்கிலமாக்குவார். அதற்காக அவருக்கு வழியே தெரியாது என்பதும் தவறு. தன் மக்களின் பகுதியில் இருந்த பீவர்ஹெட் பாறையை அடையாளம் காட்டினார். 1806இல் திரும்பும்போது கணவாய் ஒன்றைக் கிளார்க்குக்குச் சொன்னதும் அவரே.

1805 ஆகஸ்ட் 17 அன்று ஷோஷோனிகளிடம் குதிரைகள் வாங்கும் பேரத்துக்கு மொழிபெயர்க்க அமர்ந்தவர், எதிரே இருந்த ஷோஷோனித் தலைவர் கமியாவெயிட் தன் சகோதரர் என்று கண்டுகொண்டார். சிறுமியாக இருக்கும்போதே ஹிடாட்சாக்கள் பிடித்துச் சென்ற பெண் அல்லவா! ஓடிப்போய்த் தன் போர்வையை அவர்மீது போர்த்தி விம்மி அழுதார். பிறகு மீண்டும் அமர்ந்து மொழிபெயர்த்தார். இடையிடையே கண்ணீர் குறுக்கிட்டது. குதிரைகள் கிடைத்தன. ஊரோடு தங்கிவிடாமல், ஆறு மாதக் கைக்குழந்தையுடன் பயணத்தைத் தொடர்ந்தார். ஷார்போனோவுக்கு ஊதியம் தரப்பட்டது. சகாகவியாவுக்கு எதுவும் தரப்படவில்லை.