‘யாரும் கை வைக்காதது’ என்று சொல்லி விற்காதீர்கள்

பழைய உயர்தர ஸ்பீக்கர்களை விற்பவர்கள் ‘ஒரிஜினல் கண்டிஷன், யாரும் கை வைத்ததே இல்லை’ என்று பெருமையோடு சொல்லும்போதெல்லாம் எனக்கு இப்போது வயிறு எரிகிறது. நாற்பது ஆண்டுகளாக யாரும் கை வைக்கவில்லை என்றால், கெட்டுப்போனவற்றை நாற்பது ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை என்றுதானே பொருள்?

அண்மையில் நான் வாங்கிய ஜோடியின் மரப்பெட்டிகள் புதிது போல மின்னின. விற்றவர் தணிந்த ஒலியில் ஒரு குரலிசையை ஒலிக்கவிட்டுக் காட்டினார். அதில் குறையே தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து முன்துணியைக் கழற்றி, தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். அது பிசுபிசுப்பான கருந்தூளாக விரலோடு வந்துவிட்டது. கேட்டால், ‘நாங்கள் அதிகம் பயன்படுத்தவே இல்லையே’ என்கிறார். பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரப்பதத்தாலேயே சிதையும். பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் அதன் ஆயுள் முடிந்துவிடும். ரப்பர் விளிம்போ துணி விளிம்போ இருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். எந்த விளிம்பு என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதுவதற்கு என்ன கேடு?

அதோடு முடியவில்லை. வலப்பக்கப் பெட்டியில் உச்ச ஒலிகள் மங்கிக் கிடந்தன. உச்ச ஒலிகளையும் தாழ்ந்த ஒலிகளையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் (உள்ளே திரவமுள்ள மின்தேக்கிகள்) உலர்ந்து, அவற்றின் உள்தடை ஏறி, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்குப் போக வேண்டிய சக்தியைத் தின்றுகொண்டிருந்தன. இந்த மங்கலைத்தான் பலர் ‘வின்டேஜ் ஒலியின் இதம்’ என்று புகழ்கிறார்கள். அந்த ஸ்பீக்கரை வடிவமைத்த பொறியாளர் கேட்டுச் சரிபார்த்த ஒலி அதுவல்ல. இப்படிப் புகழ்வது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அவமதிப்பு.

பழையவற்றின் மீது எனக்கு வெறுப்பில்லை. 1974-இல் வந்த யமஹா என்எஸ்-1000எம் ஸ்பீக்கரில் ஒலியெழுப்பும், பெரிலியம் என்ற உலோகத்தாலான குவிமாடங்களை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் குவிமாடம் ஒன்று நசுங்கிவிட்டால், இன்னொரு பழைய ஜோடியைப் பிரித்துத்தான் மாற்று தேட வேண்டும்; உடைந்த பெரிலியத்தின் தூளோ நுரையீரலுக்கு நஞ்சு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாங்குபவர் வாங்கட்டும். தெரியாதவரிடம் மறைப்பதுதான் அநியாயம்.

புதிய ஸ்பீக்கரை வாங்குபவருக்கு உத்தரவாதம் உண்டு, உதிரிபாகம் உண்டு, இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்ற நிம்மதியும் உண்டு. அதே கட்டுமானத்தைப் புதிதாக வாங்கினால் விலை பல மடங்கு என்பது உண்மைதான்; அந்த ஒரே காரணத்துக்காகத்தான் நானும் பழையதைத் தேடிப் போனேன். ஆனால் விற்பவர்கள் அந்தப் புதிய விலையைக் காட்டியே பழையதற்கு விலை ஏற்றுகிறார்கள், பழுதுபார்க்கும் செலவை மட்டும் வாங்குபவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். விளிம்பு மாற்றும் கூலி, கெப்பாசிட்டர்கள், அலைச்சல் அத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அந்தப் பெட்டியின் நியாயமான விலை. முன்துணியைக் கழற்றிக் காட்டி, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே உரத்த ஒலியில் ஓடவிட மறுப்பவரிடம் இனி நான் பேரமே பேசமாட்டேன்.

இடப்பக்க வூஃபர் இன்னும் என் மேசைமீதுதான் கிடக்கிறது. கூம்பு கிழியாமல் பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே இரண்டு மாலைகள் போய்விட்டன. புது விளிம்பை ஒட்டும்போது, கூம்பின் அடியிலுள்ள வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் உரசாமல் நடுவில் நிற்க வேண்டுமே என்ற கவலை இன்னும் பாக்கியிருக்கிறது.