மூன்றாவது சைகை

ஆடுகளத்தின் பின்கோட்டை, அதாவது பேஸ்லைனைப் பார்க்க நிறுத்தியிருந்த பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். ஜூனியர் டென்னிஸ் போட்டி, தன்னார்வலர் வேலை. கூலி என்று பார்த்தால் ஒரு தொப்பி, ஒரு டீ-ஷர்ட். பந்து கோட்டருகே விழுந்த நேரம் பார்த்து ஆட்டக்காரர் குறுக்கே வந்துவிட்டார். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று "அவுட்" என்று கத்தினாள், கொஞ்சம் தாமதமாக. வேலிக்கு வெளியே இருந்த ஒரு அப்பா, "கண்ணு தெரியலைன்னா எதுக்கும்மா வந்து நிக்கிற?" என்றார்.

மறுநாள் அவள் வரவில்லை.

கோட்டைப் பார்த்துச் சொல்லும் லைன் அம்பயருக்கு மூன்று சைகைகள் உண்டு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அவுட். உள்ளங்கைகளைத் தரை பார்க்கத் தாழ்த்தினால் பந்து உள்ளே. இரண்டு கைகளாலும் கண்ணை மறைப்பதுபோல் காட்டினால், "எனக்குத் தெரியவில்லை, மறைத்துவிட்டது". அப்போது உயர நாற்காலியில் இருக்கும் தலைமை நடுவர், சேர் அம்பயர், முடிவு சொல்வார். அவராலும் முடியாவிட்டால் அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அவளுக்கு முதல் இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தோம். சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி கேமரா பார்த்துக்கொள்ளும், ஆள் எதற்கு என்கிறார்கள். விம்பிள்டனில் 2025 முதல் லைன் அம்பயர்களே இல்லைதான். அதே ஆண்டு, அங்கேயே சென்டர் கோர்ட்டில், ரஷ்ய வீராங்கனை பாவ்லியுசென்கோவா ஆடிய ஆட்டத்தில் யாரோ தவறுதலாக அந்தக் கேமராக் கருவியை அணைத்துவிட, வெளியே விழுந்த பந்துக்கு "அவுட்" என்ற சத்தமே வரவில்லை. பாயின்ட்டை மறுபடி ஆடச் சொன்னார் அம்பயர். கருவியை யாரும் வேலியோரம் நின்று திட்டவில்லை, பாருங்கள். சின்னப் போட்டிகளுக்கு அந்தக் கேமராவும் வரப்போவதில்லை. இந்தப் பிள்ளைகள்தான் வர வேண்டும்.

சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் கொடுக்கலாம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தப்பு நடந்த அடுத்த நிமிடம் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். இப்போது புதிதாக வருபவர்களுக்கு மூன்றாவது சைகையைத்தான் முதலில் காட்டுகிறேன். பந்து விழும்வரை அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டாதே, அதற்கு முன்பே பார்வையைக் கோட்டில் நிறுத்திவிடு என்று சொல்கிறேன். திருத்துவதெல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு, தனியாக.

அந்தப் பெண்ணை அடுத்த போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அந்த அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன், ஒரே ஒரு செட் பேஸ்லைனைப் பார்க்க. அவரிடமிருந்தும் இன்னும் பதில் இல்லை.