கட்டுரைப் போட்டிக்கு வராத பாட்டுகள்

போன மாதம் ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவராக இருந்தேன். தரம் 10, 11 மாணவர்களுக்கான போட்டி. தலைப்பு ‘இசையும் சமூக மாற்றமும்’. திருகோணமலை நகரம், நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று பல பக்கங்களிலிருந்தும் 43 கட்டுரைகள் வந்திருந்தன. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைக்காது என்ற சந்தோஷத்தோடுதான் கட்டைப் பிரித்தேன்.

வாசித்து முடித்த இரவு நித்திரை வரவில்லை.

முப்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ‘இசைக்கு மொழி இல்லை’ என்று தொடக்கம், பிறகு பாரதியார், பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம், பொப் மார்லி, முடிவில் ‘ஆகவே இசை சமூகத்தை மாற்றும் வல்லமை கொண்டது’. கையெழுத்து மட்டும்தான் வேறு. பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இப்படி எழுதினால்தான் புள்ளி வரும் என்று அவர்களைப் பழக்கியவர்கள் நாங்கள். பல வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். ‘முன்னுரையில் ஒரு மேற்கோள் போடுங்கோ பிள்ளையள்’ என்று நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அந்தப் பிள்ளைகளில் பலர் ‘வீ ஷல் ஓவர்கம்’ பாட்டைக் குறிப்பிட்டிருந்தார்கள். 1963 வாஷிங்டன் பேரணி வரைக்கும் சரியாக எழுதியிருந்தார்கள். அந்தப் பாட்டு அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. தேவாலயத்தில் பாடப்பட்ட பாட்டின் வழி வந்தது அது. 1945 இல் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மறியலில் நின்று அதைப் பாடினார்கள். ‘நான் வெல்வேன்’ என்று இருந்தது அவர்கள் வாயில் ‘நாங்கள் வெல்வோம்’ ஆனது. அங்கிருந்துதான் தொழிற்சங்கக்காரர்கள் கைக்கும், பிறகு பேரணிகளுக்கும் போனது. அதாவது, எங்கள் பிள்ளைகள் உலகப் புகழ் பெற்ற பாட்டு என்று மேற்கோள் காட்டியது, கூலி போதாமல் தெருவில் நின்ற பெண்கள் தங்கள் தேவைக்குத் திருத்திக்கொண்ட பாட்டு.

இதைத் தெரிந்துகொண்டு நிலாவெளிக் கரைக்குப் போய் நின்று பாருங்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு நான் சின்ன வயதில் காதால் கேட்டது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கும் மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். பாட்டின் தாளம்தான் எல்லோருடைய இழுப்பையும் ஒன்றாக்கும். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியை நேரே சொல்ல முடியாத சொல்லெல்லாம் பாட்டுக்குள் வரும். அவரும் கேட்டுக்கொண்டு நிற்பார். பாட்டில் வந்ததற்குக் கோபிக்க முடியாதே. இப்போது பல கரைகளில் உழவு இயந்திரம் வைத்து வலை இழுக்கிறார்கள். இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை. பாட்டும் போய்விட்டது, பாட்டுக்குள் வைத்துச் சொன்ன நியாயமும் போய்விட்டது. இசை சமூகத்தை மாற்றும் என்று 43 பேரும் எழுதினார்கள். சமூகம் மாறினால் இசைக்கு என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு பிள்ளைதான் எழுதியது. அந்தப் பிள்ளையின் கட்டுரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த கட்டுரைகளிலாவது நோன்பு காலத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரம் றபான் என்ற தோல் வாத்தியத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு வரும் பாவாமாரை, அதாவது பக்கீர்மாரைப் பற்றி இருக்கும் என்று தேடினேன். இல்லை. தேசிய கீதம் பற்றியும் ஒருவரும் எழுதவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2016 பெப்ரவரி 4 அன்று கொழும்பில் நடந்த சுதந்திர தின விழாவில் அது தமிழில் பாடப்பட்டது. 2020 இல் தமிழில் பாடவில்லை. மெட்டு ஒன்று, பொருள் ஒன்று, மொழி மட்டும்தான் வேறு. அதற்கு இந்த நாடு எவ்வளவு வாதாடியது! காலைக் கூட்டத்தில் தினமும் நின்று பாடும் பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கும். அது கட்டுரைக்கு ஆகாது என்று நினைத்திருக்கும்.

பறையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. சாவு வீட்டுக்குப் பறை வேண்டும், அடிக்கிறவர் மட்டும் முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்று எங்கள் சமூகம் எத்தனை தலைமுறை நடத்தியது. இனிப் பறை அடிக்க மாட்டோம் என்று சொன்னதே போராட்டமாக இருந்த இடங்கள் உண்டு. தமிழ்நாட்டிலோ அதே பறையை மேடையில் ஏற்றி, இது எங்கள் பெருமை என்று இளைஞர்கள் அடிக்கிறார்கள். விடுவது விடுதலையா, எடுப்பது விடுதலையா? பதினாறு வயதுப் பிள்ளை இந்தக் கேள்வியோடு இரண்டு பக்கம் மல்லுக்கட்டியிருந்தால், முடிவுக்கு வராவிட்டாலும் முதலாம் இடம் கொடுத்திருப்பேன்.

பெரிய பெயர் வேண்டுமென்றால் அதுவும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன யாழைத் தேடிப் பல வருடம் உழைத்தார். யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது, அதே ஆண்டில் அவர் மறைந்தார். தன் காலத்தில் ஒருவரும் கேட்டிராத யாழை அவர் பழம் நூல்களுக்குள் தேடினார். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அம்மம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறா.

இனி அந்த ஒரு கட்டுரை. எழுதியது சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. 2006 இல் போரினால் அந்த மக்கள் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015 க்குப் பிறகுதான் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டன. இந்தப் பிள்ளை பிறந்தது முகாமில். தகரக் கொட்டிலுக்குள் அம்மா பாடிய தாலாட்டில் மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்பதெல்லாம் இல்லையாம். ஊர்க் கிணறு, கோயிலடி, வயல் பாதை, எந்த வளவில் எந்த மரம் என்று வரிசையாக வருமாம். ‘நான் ஊரைப் பார்க்க முன்னமே எனக்கு ஊருக்கு வழி தெரியும்’ என்று எழுதியிருந்தது. ஊர் திரும்பிய நாளில், பாட்டில் இருந்த மரங்களில் பாதி அங்கே இல்லை என்றும் எழுதியிருந்தது. எழுத்துப்பிழை நிறைய. மேற்கோள் ஒன்றுகூட இல்லை. முடிவுரையும் இல்லை, அப்படியே நின்றுவிட்டது.

நடுவர் கூட்டத்தில் இதை முதலாம் இடத்துக்குச் சொன்னேன். ‘சான்று இல்லை, இது அனுபவக் குறிப்பு, கட்டுரை இல்லை’ என்றார்கள். புள்ளித் திட்டத்தில் மேற்கோளுக்கு 15 புள்ளி, முடிவுரைக்கு 10. கூட்டிப் பார்த்தால் ஆறுதல் பரிசுக்குக்கூட வரவில்லை. கொஞ்சம் வாதாடினேன், பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது. அதனால்தான் இந்தப் பதிவு.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி இரண்டு மணித்தியாலத்தில் எழுத வைக்காதீர்கள். இரண்டு கிழமை கொடுங்கள். வீட்டிலோ ஊரிலோ ஒரு முதியவரிடம் ஒரு பாட்டையாவது கேட்டு, யார் பாடினார்கள், எப்போது, ஏன் நிறுத்தினார்கள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மேற்கோளுக்கு வைத்த 15 புள்ளியை அதற்குக் கொடுங்கள். அம்மா பாடிய பாட்டு சான்று இல்லை என்றால் வேறு எது சான்று? ஆசிரியர்மாரே, தலைப்பு வந்ததும் மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுக்காதீர்கள். நானும் இனிக் கொடுக்க மாட்டேன்.

பரிசளிப்பு நாளில் அந்தப் பிள்ளை தோழிக்குக் கைதட்ட வந்திருந்தது. கூப்பிட்டு, கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது என்று சொன்னேன். அம்மா இப்போதும் அந்தப் பாட்டைப் பாடுகிறாவா என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். தம்பி ஊருக்கு வந்த பிறகுதான் பிறந்தவன். அவனுக்கு அம்மா வேற பாட்டுத்தான் பாடினவ. அவன் வாசலில நின்டாலே கிணறு தெரியும்தானே” என்றது.