நிரூபிக்க வேண்டியது யார்?

பணியிடத்து நச்சுப் புகையாலும் ரசாயனத்தாலும் நோயாளியான முன்னாள் ராணுவத்தினருக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் தர அமெரிக்கா 2022இல் கொண்டுவந்தது பேக்ட் சட்டம். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்: "சிகரெட் பிடித்துக் கெட்டுப்போன நுரையீரலுக்கெல்லாம் நம்ம வரிப்பணமா?" போன வாரம் எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவிலும் இதேதான். அங்கே எழுதினால் அடிதடி ஆகிவிடும், அதனால் இங்கே.

ஈராக்கில், பாக்தாத்துக்கு வடக்கே பலாட் என்றொரு விமானத்தளம், போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் இருந்த இடம். அங்கே சுமார் 10 ஏக்கரில் ஒரு குப்பைக் குழி. பிளாஸ்டிக், டயர், பேட்டரி, பெயின்ட், ஆஸ்பத்திரிக் கழிவு என்று எல்லாவற்றையும் கொட்டி, ஜெட் எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள். கொடுங்கையூர் குப்பைமேடு தீப்பிடித்த நாட்களில் வடசென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பலாட்டில் அது விபத்து இல்லை, அன்றாட வேலை. 2006லேயே அங்கிருந்த விமானப்படை அதிகாரி ஒருவர், இந்தப் புகை உடம்புக்குக் கேடு என்று மேலிடத்துக்கு எழுத்தில் கொடுத்தார். அதற்குப் பிறகும் குழி எரிந்துகொண்டுதான் இருந்தது.

பேக்ட் சட்டத்துக்கு முன்பு, ஊர் திரும்பியவர் மூச்சு வாங்குகிறது என்று வி.ஏ. அலுவலகத்தில், அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையில், க்ளெய்ம் போட்டால், மூன்று விஷயம் கேட்பார்கள். இப்போது நோய் இருக்கிறதா? பணியில் இருந்தபோது ஏதாவது நடந்ததா? இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் தேதியில் காற்றில் என்ன இருந்தது என்று சிப்பாய் எங்கே போய்த் தேடுவார்? குழியை வெட்டியது ராணுவம், பற்றவைத்ததும் ராணுவம், காற்றை அளந்திருந்தால் அந்தக் காகிதமும் ராணுவத்திடம்தான். 2007 முதல் 2020 வரை இந்தப் புகையைக் காரணம் காட்டி வந்த க்ளெய்ம்களில் நான்கில் மூன்றுக்கு மேல் தள்ளுபடி.

மருத்துவச் சான்று கிடைப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. போர்முனையிலிருந்து திரும்பிய 80 வீரர்கள் ஃபோர்ட் கேம்பல் ராணுவ முகாமிலிருந்து வான்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டார்கள். கட்டுமஸ்தான ஆட்கள்தான், ஆனால் ராணுவம் வைக்கும் இரண்டு மைல் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. பலருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஊதிப் பார்க்கும் சோதனையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. 49 பேருக்கு நுரையீரலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 38 பேருக்குச் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தன. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. நெஞ்சைத் திறந்தால்தான் தெரியும் நோய்க்கு, "ரிப்போர்ட் நார்மல்" என்று முத்திரை குத்தினால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு இது பழைய கதை. 1962 முதல் 1971 வரை ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியும் அதன் கூட்டாளி ரசாயனங்களுமாகச் சுமார் 7 கோடி லிட்டருக்கு மேல் தெளித்தார்கள். அங்கே பணியாற்றியவர்களுக்குப் பாதிப்பு இருந்திருக்கும் என்று அரசே ஏற்றுக்கொள்ளும் சட்டம் 1991இல்தான் வந்தது. அதிலும் ஒரு கொக்கி: மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும் என்று வி.ஏ. சொன்னது. கரைக்கு அருகே கப்பலில் இருந்தவர்கள், கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தவர்கள், 2019 வரை காத்திருந்தார்கள். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்! ஆற்றங்கரைகளில் தெளிக்க உத்தரவிட்ட அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஸம்வால்ட்டின் மகனே அந்த ஆறுகளில் படகுத் தலைவராக இருந்தவர். 1988இல் புற்றுநோயில் இறந்தார்.

இதனால்தான் பேக்ட் சட்டத்தின் அனுமானம் என்ற ஏற்பாட்டை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். இன்ன இடத்தில், இன்ன காலத்தில் பணி, பட்டியலில் உள்ள நோய், அவ்வளவு போதும். தொடர்பை அவர் நிரூபிக்க வேண்டாம். சிகரெட் பிடித்தவர் சிலரும் இதில் பணம் வாங்கத்தான் செய்வார்கள். வாங்கட்டும். அவரைப் பிடிப்பதற்காக மற்றவர்களை அலையவிட்டதை முப்பது வருஷம் பார்த்தாயிற்று.

சட்டம் நிறைவேறிய லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூனில் செனட்டில் 84-14 என்று தேறியது. ஒரு சின்னத் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தபோது ஜூலை 27 அன்று முட்டுக்கட்டை விழுந்தது. முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துக் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86-11. ஆறு நாளில் என்ன ஞானோதயமோ!

எனக்கு உறுத்துவது வேறு. வியட்நாம் மக்கள் ரசாயனக் கம்பெனிகள் மீது போட்ட வழக்கை 2005இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளிவிட்டது. தள்ளிய நீதிபதி வைன்ஸ்டைன்தான் 1984இல் அமெரிக்க வீரர்களுக்கு அதே கம்பெனிகளிடமிருந்து 18 கோடி டாலர் சமரசம் முடித்துவைத்தவர். பலாட் பக்கத்துக் கிராமத்தில் அதே புகையைக் குடித்தவர்களுக்கு நிரப்புவதற்குப் படிவமே கிடையாது.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டவரை மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களையும் அமெரிக்க ராணுவம் எடுத்தது. உங்கள் வீட்டிலும் யாராவது இருக்கலாம். க்ளெய்ம் போடக் கடைசித் தேதி இல்லை, முன்பு தள்ளுபடி ஆனதையும் மறுபடி போடலாம். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் வீரர் சங்கங்கள் மூன்றும் இலவசமாக உதவுவார்கள். முதல் விண்ணப்பத்தை நிரப்பித் தர எவனாவது பங்கு கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்டப்படி செல்லாது.