தோள்பட்டைப் பித்தளையும் ஒரு துண்டுக் கடதாசியும்

போன ஞாயிறு மருதானையில் எனக்கு வழக்கமான பழைய சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார நானா லாச்சியைத் திறந்து ஒரு துணிச் சின்னத்தை எடுத்து மேசையில் வைத்தார். நெருப்புக்குள் இருந்து எழும்பும் பீனிக்ஸ் பறவை. இரண்டாம் உலகப்போர்க் காலத் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் சின்னம்.

"சேர், இது மவுண்ட்பேட்டன்ட சட்டையில இருந்த சாமான்."

சிரிப்பு வந்துவிட்டது. 1944 ஏப்ரலில் அந்தக் கட்டளையகத்தின் உச்சத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது எழுத்தர் முதல் சாரதி வரை எத்தனையோ பேர் கையில் இந்தப் பறவை இருந்தது. கொழும்புக் கடைகளில் நான் பார்த்த எல்லாப் பறவையும் மவுண்ட்பேட்டனுடையதுதான். அந்த மனுசனுக்கு எத்தனை சட்டை இருந்திருக்கும்!

"அது கிடக்கட்டும் நானா, உங்கட கைக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டேன். கண்டிப் பக்கம் ஒரு வளவு விற்றார்களாம். அலுமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்ததாம். அதற்குள் இதுவும், ஏழெட்டுப் பித்தளைப் பொத்தான்களும், சீருடையில் ஒரு பெடியனின் போட்டோவும் இருந்தனவாம். பொத்தான்களை ஒரு தையல்காரர் வாங்கிப் போய்விட்டார். போட்டோ?

"போட்டோவ யாரு சேர் வாங்குற? பழைய பேப்பரோட போட்டிருப்பேன்."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான்.

பட்ஜில் பெயர் இருக்காது. முதலாம் உலகப்போர்ப் பிரிட்டிஷ் பதக்கம் என்றால் விளிம்பிலோ பின்பக்கத்திலோ இலக்கமும் பெயரும் பொறித்திருப்பார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் ஆட்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் அதுவும் இல்லை. தொப்பிப் பட்ஜ், தோள்பட்டைப் பித்தளை (சீருடைத் தோளில் குத்தும், படைப்பிரிவின் பெயர் கொண்ட தகடு), துணிச் சின்னம் எல்லாம் களஞ்சியத்திலிருந்து எண்ணிக் கொடுத்த சாமான். அது யாருடையது என்று சொல்லக்கூடியது அதோடு கிடந்த போட்டோ, சம்பளப் புத்தகம், கடித உறை, அந்த டின். இவற்றைப் பிரித்துப் பிரித்து விற்கிற அன்றைக்கு அந்தப் பெடியன் இரண்டாம் தரம் சாகிறான்.

சேகரிப்பவர்கள் உடனே பட்ஜில் உள்ள கிரீடத்தைப் பார், பின்பக்கத்தைப் பார் என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். கிரீடத்தின் வளைவு நடுவில் உயர்ந்து நின்றால் அரசர் காலம், நடுவில் பள்ளமாக இறங்கினால் 1952க்குப் பிந்திய எலிசபெத் காலம். 1949 ஒக்டோபரில் இலங்கை இராணுவம் தொடங்கியது, 1972 மே மாதம் நாடு குடியரசாகிக் கிரீடமே போனது. இப்படி ஆண்டைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். (2022இல் சார்ள்ஸ் அரசராக வந்து பழைய உயர்ந்த கிரீடத்தையே திரும்ப எடுத்துக்கொண்டார். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இனி நல்ல குழப்பம்.) அச்சில் அடித்த தொப்பிப் பட்ஜ் என்றால் முன்பக்க மேடு பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். பின்பக்கம் தட்டையாக, புள்ளி புள்ளியாக இருந்தால் வார்ப்பு. போலி என்று சந்தேகிக்கலாம். ஆனால் போர்க்காலத்தில் இந்தியப் பஜார்களில் வார்த்து, அசலாகவே ஆட்கள் குத்திக்கொண்டு திரிந்தவையும் உண்டு. துணிக்குப் புற ஊதாக் கதிர் டோர்ச் அடித்து, நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் போருக்குப் பிந்தியது என்பார்கள். அறுபதுகளில் யாரோ ஒரு ஆச்சி சவர்க்காரத் தூளில் அலசியிருந்தாலும் அது ஒளிரும்! பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அளவுக்கு மேல் போக முடியாது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

என் அம்மப்பா போர்க்காலத்தில் சிலோன் லைட் இன்ஃபன்ட்ரியில் களஞ்சியத்தில் வேலை செய்தவர். ஒரு தோள்பட்டைப் பித்தளை, சம்பளப் புத்தகம், தியத்தலாவையில் எடுத்த ஒரு போட்டோ மூன்றையும் ஒரு புகையிலை டின்னில் வைத்திருந்தார். 83 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை ஒழுங்கையில் எங்கள் வீடு எரிந்தது. எனக்குப் பதினைந்து வயது. முகாமிலிருந்து திரும்பி வந்து சாம்பலைக் கிளறியபோது அம்மா அந்த டின்னை எடுத்தா. கடதாசி எல்லாம் கரி. பித்தளை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது, ஒரு ஓரம் உருகி வளைந்து. பிறகு சுற்றிவளைப்புக் காலத்தில், தமிழ் வீட்டுக்குள் ஆமிச் சாமான் என்ன என்று கேட்டால் பதில் சொல்லேலாது என்று, அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தா.

2004இல் எனக்கு இந்தச் சேகரிப்புப் பைத்தியம் தொடங்கியது. அம்மாவைச் சந்தோசப்படுத்துகிறேன் என்று நினைத்து, ஒரு ஞாயிறு முழுக்க இருந்து பொலிஷ் போட்டு மினுக்கினேன். வளைந்த ஓரத்தையும் குறட்டால் நிமிர்த்தினேன். தங்கம் மாதிரி வந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கட இல்லையே?" என்றா.

அந்தக் கறுப்புத்தான் அது எங்கள் வீட்டுப் பொருள் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி. அதைத் துணியால் துடைத்துக் குப்பையில் போட்டவன் நான். ஆகவே யாராவது "மினுக்கினால் விலை கூடுமா?" என்று உள்பெட்டியில் கேட்டால் எனக்கு வருகிற கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என் முறை ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை, பென்சில் எழுத்து. யார் சொன்னது, எந்தத் திகதி, நான் நம்புகிறேனா இல்லையா. பொய்யையும் எழுதுவேன். பறவையின் அட்டையில் இப்போது இப்படி இருக்கிறது: "மவுண்ட்பேட்டன் சட்டை – கடைக்காரர் சொன்னது, நம்பவில்லை. கண்டி வளவு, பிஸ்கட் டின் – கடைக்காரர் சொன்னது, நம்பலாம்." பிளாஸ்டிக் உறை வேண்டாம், மலிவான பீவீசி உறைக்குள் பித்தளை பச்சை பூக்கும், அதுவும் வெள்ளவத்தைக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம்.

தமிழனுக்கு ஆமி பட்ஜ் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கியது. அதே படையில் இருந்து வந்த அன்ரன் முத்துக்குமாருதான் 1955இல் இலங்கையர்களில் முதலாவது இராணுவத் தளபதி. தமிழர். இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளே நம்புவதில்லை, சிங்கள நண்பர்களும் நம்புவதில்லை. அந்த வரிசையில் களஞ்சியக் கணக்கு எழுதிக்கொண்டு என் அம்மப்பாவும் நின்றார் என்பதை நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

1972க்குப் பிந்தியது எதையும் நான் தொடுவதில்லை. கடைசி யுத்தச் சாமான், எந்தப் பக்கத்துடையது என்றாலும், காசுக்கும் வேண்டாம், சும்மாவும் வேண்டாம். அதைப் போட்டிருந்தவனை ஒரு தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

அம்மாவுக்கு இப்போது 84. போன மாதம் பக்கத்தில் இருந்து அந்தத் தோள்பட்டைப் பித்தளைக்கும் ஒரு அட்டை எழுதினேன். 83க்கு முன் அது ஒரு சோடியாக இருந்ததாம். மற்றதை அம்மம்மா யாருக்கோ கொடுத்தாவாம், யாருக்கு என்று ஞாபகம் இல்லையாம். அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே என் கையாலேயே: "2004இல் மகன் மினுக்கினான்."

நானாவுக்கு இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டேன், அந்தப் போட்டோவுக்காக. பின்னுக்குப் பேப்பர் கட்டுக்குள் கிடக்கலாம், வந்து தேடிப் பாருங்கள் என்கிறார். போத்தல் பேப்பர்காரன் புதன்கிழமை வருவானாம். நாளைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறேன்.