முதலில் ஸ்டூல், அப்புறம் நடைப்போட்டி

அந்தப் போட்டோவை எல்லாரும் பார்த்தாச்சு. ஜவுளிக்கடையில் "ஆரோக்கிய மாதம்", தினம் பத்தாயிரம் அடி நடைப்போட்டி, ஜெயித்த சேல்ஸ் பெண்ணுக்குத் தண்ணீர் பாட்டில். கீழே நூற்றுக்கணக்கில் ஹார்ட்டின். நான் அதைக் குறை சொன்னதும், "நல்லது செய்தாலும் உங்களுக்குக் குற்றமா?" என்று இன்பாக்ஸில் நாலு பேர்.

குற்றம்தான். உட்கார ஸ்டூல் போடாத கடை நடைப்போட்டி வைக்கக் கூடாது.

காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதரை வரை நிற்கிறவருக்குக் குறைவது நடையா, உட்காரும் இடமா? நடந்தாலாவது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். நின்ற இடத்திலேயே நின்றால் ரத்தம் காலில் தேங்கும். சாயங்காலம் கணுக்கால் வீங்கும், வருஷங்கள் போகப்போக நரம்புச் சுருட்டு. நடுநடுவே உட்கார்ந்து காலை நீட்டினால் வீக்கம் குறையும். அந்தப் பத்தாயிரம்கூட டாக்டர் எழுதிய சீட்டு இல்லை சாமி. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயர், "மான்போ-கெய்", அதாவது "பத்தாயிரம் அடி மீட்டர்". அதிலிருந்து வந்த எண்தான் இது.

2021இலேயே தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று சொல்லியாயிற்று. கேரளா 2018இலேயே செய்தது. சட்டப்படி தர வேண்டியதைத் தராமல் பாட்டில் தந்தால் அதற்குப் பேர் அக்கறையாம்.

அதுவும் தண்ணீர் பாட்டில்! குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்டு, அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, மாடி இறங்க வேண்டும். அதற்குப் பயந்து வாயையே நனைக்காமல் இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள், நீர்க்கடுப்பு எப்படி வருகிறது என்று.

"ஒன்றுமே செய்யாததற்கு இது மேல்" என்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறைக் கடைச் சங்கிலியில், 160 கிளைகள், கிட்டத்தட்ட 33,000 ஊழியர்களை வைத்து, இப்படி ஓர் ஆரோக்கியத் திட்டம் பலன் தருகிறதா என்று பார்த்தார்கள். ஆய்வு 2019இல் வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, "உடற்பயிற்சி செய்கிறேன்" என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். பிபி, கொழுப்பு, எடை, லீவு எதிலும் சொல்லும்படி மாற்றமில்லை.

கடையில் மெடிக்கல் கேம்ப் போடுகிறார்களே என்றால், சரி, அது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார வேண்டும். மூத்திரத்தை அடக்கியிருக்கக் கூடாது. பட்டையைச் சட்டைக்கை மேல் சுற்றக் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மாடி ஏறி ஓடி வந்தவரை வரிசையில் நிறுத்தி நிமிஷத்துக்கு ஒருவராகப் பார்த்தால் வருவது பிபி இல்லை, மூச்சிரைப்பு. எங்கே உட்கார வைப்பார்கள், பாவம்? ஸ்டூலே இல்லையே!

"உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்" என்பவருக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. கல்லாவில் முதலாளி நின்றுகொண்டா இருக்கிறார்? நீங்கள் கோபித்துக்கொண்டா வந்தீர்கள்?

கடைசியாக, "குறை மட்டும் சொல்லாதீங்க, வழி சொல்லுங்க" என்ற அண்ணனுக்கு. மூன்றடி கவுண்ட்டருக்கு இரண்டேகால் அடி உயர ஸ்டூல், கால் வைக்கக் கீழே ஒரு கம்பி. ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஆள் வந்தால் தலை மட்டும்தான் தெரியும், ஓயாமல் எழுந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று போடுங்கள். விலை விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள் அண்ணே.